கோபாலபுரத்தில் பிரேக்

அறுநூறு கிராம்.
அரைக் கிலோ துவரம்பருப்பு, கூட நூறு கடுகு.
அவ்வளவுதான் ஈட்டி.
தூக்கப் பலம் வேண்டாம்.
எறியத்தான்
உடம்பு மொத்தமும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது,
அதுவும் முந்தியடிக்காமல்.

நான் முந்தியடிப்பவள்.
கை முதலில் ஓடிவிடும்.
கொழிஞ்சாம்பாறை மைதானத்தில், ஞாயிறு காலை ஆறரைக்கு,
கரும்புச்சாறு அசரப்
தன் கைபேசியில் என்னை மெதுவாக்கிக் காட்டினான்.
வலது கால் ஊன்றுகிறது.
இடது கால் எட்டி விழுகிறது.
இடுப்பு இன்னும் திரும்பவே இல்லை,
அதற்குள் முழங்கை தணிந்து
மாங்காய்க்குக் கல் விடுகிறது.
"இங்கே பாருங்க சேச்சி."
நிறுத்திய படத்தில்
என் இடது முழங்கால்
பந்தியில் உட்காரப் போகிறவளைப் போல
மடிந்துகொண்டிருந்தது.

முப்பத்தெட்டு மீட்டர் நாற்பது.
மூன்று வருடமாக அதே குழியில் குத்துகிறேன்.

வாரத்தில் ஆறு நாள் நான் கண்டக்டர்.
பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி.
மலையாளத்தில் சில்லறை கேட்டு
தமிழில் திட்டு வாங்குவேன்.
கணவாய்க் காற்று ஷட்டரைத் தட்டித் தட்டி
டிக்கெட் இல்லாமல் ஏறும்.

செவ்வாய்க்கிழமை, கோபாலபுரம் செக்போஸ்டுக்குச் சற்று முன்னால்,
தேங்காய்மட்டை லாரி ஒன்று குறுக்கே பின்வாங்க
வேலாயுதன் பிரேக்கை மிதித்தார்.
வண்டி நின்றது.
வண்டி மட்டும்.
முப்பத்தொரு பேரும் இன்னும்
பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.
ஒரு தூக்குவாளி, கால் கட்டிய ஒரு கோழி,
யாருடையதோ ஒரு மூக்குக்கண்ணாடி.
என் இடது கால் சீட்டின் இரும்புக்காலில் முட்டி
அடித்த முளையாக நின்றது.
தோளில் தொங்கிய டிக்கெட் மெஷின்
வார் அறுந்து
முன்கண்ணாடி வரைக்கும் பறந்தது.

நான் எறியவில்லை அதை.

கால் நின்றது இடுப்புக்குத் தெரியாது.
தெரிந்து நின்றபோது
தன் வேகத்தை நெஞ்சின் தலையில் கட்டிவிட்டது.
நெஞ்சு தோளுக்கு, தோள் முழங்கைக்கு.
ஒவ்வொன்றும் நிற்க நிற்க
மிச்சம் இருப்பதற்குக் கடன் ஏறுகிறது.
கை ஒன்றும் செய்ய வேண்டாம்.
பின்னால் கிடந்தால் போதும்,
கடைசி ஆளாக.

மெஷினுக்கு ஆயிரத்து இருநூறு பிடித்தார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

சித்தூர் கல்லூரி மைதானம். ஊழியர் போட்டி, ஜனவரி.
கிழக்கிலிருந்து காற்று, முகத்துக்கு நேராக.
எதிர்க்காற்றில் முனையைத் தூக்கிக் காட்டினால்
ஈட்டி முறமாகிவிடும், அங்கேயே நின்று விழும்.
தணித்துப் பிடித்தேன், புருவ உயரத்துக்கு.
ஓட்டம். பிறகு பக்கவாட்டில் குறுக்குக் கால்கள்,
ஈட்டியையும் கையையும் விட்டுவிட்டு
இடுப்புக்குக் கீழே மட்டும் முன்னே போய்,
வலது,
இடது குதிகால்.

ஆறேழு நானாக என் எடை
அந்த ஒரு காலில் வந்து இறங்கியது.
தாடை வரைக்கும் அதிர்ந்தது.
மடியவில்லை.
முழங்கை காதோரம் போனது தெரியும்.
விரல் விட்டது தெரியாது.
தண்டு, நனைந்த நாய் முதுகை உதறுவதுபோல்
துடித்துக்கொண்டே போய்
நாற்பதின் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி,
அடுத்ததையும் தாண்டி,
முனையால் குத்தி நின்றது.

பிரேக் போட்ட சேதி
எனக்குத்தான் வரவில்லை.
நின்ற காலின் மேல் ஏறிக் கவிழ்ந்து
எல்லைக்கோட்டுக்கு அப்பால் இரண்டு எட்டு,
கையூன்றி, வாயில் மண்.

சிவப்புக் கொடி.
நாடாவை யாரும் இழுக்கவில்லை.
ஒரு பையன் ஈட்டியைப் பிடுங்கி
குழியைக் காலால் மூடிவிட்டு வந்தான்.

இன்னொரு முறை பாக்கி இருக்கிறது.
வலது முழங்கையின் உள்பக்கம் சுடுகிறது.
வெளியே ஹார்ன். வேலாயுதன்.
பொள்ளாச்சி டிரிப்புக்கு இன்னும் நாற்பது நிமிடம்.
தொடங்கும் குறியை இரண்டு மீட்டர் பின்னால் நகர்த்துகிறேன்.
சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதாம்.
இடது செருப்பை வைக்கிறேன்.